நாலு பேர் தொட்டி

"குனிஞ்சு புடி. ஒன் பக்கம் தூக்கலா இருக்கு."

"நீங்க ஓடாதீங்க மச்சான். படி வழுக்குது."

மூங்கில் கழியில் கட்டிய நீலப் பை இரண்டு தோள்களுக்கு நடுவே ஆடியது. முன்னால் ஜெறோம், பின்னால் நல்லையா. லொறி மேல்ரோட்டோடு நின்றுவிட்டது. அங்கிருந்து லயத்துக்கு அறுபத்திரண்டு படிகள். காலையில் பெய்த மழை இன்னும் படிகளில் இருந்தது. மெரினா அவர்களுக்குப் பின்னால் மோட்டார்ப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினாள்.

ஊற்றுத் தண்ணீர் கொட்டும் பீலியடியில் துணி அலசிக்கொண்டிருந்த தெரேசம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னா மெரினா அது? பொணம் மாதிரி தூக்கிட்டு வாறாங்க?"

"தொட்டி, அக்கா."

"மாட்டுக்கா?"

"மனுசருக்கு. காத்தடிச்சா நிக்கும். சுடுதண்ணியில உள்ள உக்காரலாம்."

"கெழங்கு அவிக்கிற மாதிரியா?"

பீலியின் மறுபக்கம் குடம் நிரப்பிக்கொண்டிருந்த புஷ்பம் திரும்பாமலே சொன்னாள். "ஒங்கள அவிக்கணும்னா ஒரு கட்டு வெறகு பத்தாதுக்கா."

பீலியடி முழுக்கச் சிரித்தது. நல்லையா சிரித்ததில் கழி சரிந்து பை படியில் இடித்தது. மெரினாவும் சிரித்தாள். அது டிசம்பர் மாதம். அவள் சைப்பிரஸிலிருந்து திரும்பி ஏழு வாரம் ஆகியிருந்தது.

குருவிட்டவுக்கு மேலே உள்ள ரப்பர் தோட்டம். ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஆறு காம்பராக்கள், ஆறு வீடுகள் கொண்ட லயம். முதல் காம்பராவில் மெரினாவும் ஜெறோமும். கடைசிக் காம்பராவில் புஷ்பமும் நல்லையாவும் அவர்கள் மகள் ஷாமிளாவும். நல்லையா மெரினாவுக்கு உடன்பிறந்தவன் இல்லை. ஆனால் இரண்டு வீட்டுக்கும் நடுவே அக்கா, தம்பி, மச்சான், மதினி என்று முறை வைத்து இருபது வருடத்துக்கு மேல் கூப்பிட்டாகிவிட்டது. அவன் இந்து, அவள் மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரி என்பது அந்த முறையைத் தொடவில்லை.

மெரினா முப்பத்து நான்கு வயதில் போனாள். மகள் ரோஷானிக்கு அப்போது ஏழு வயது. ஜெறோம் விடிவதற்கு முன் ரப்பர் பால் வெட்டப் போய்விடுவான். பிள்ளையை எழுப்பி, அடுப்பில் தண்ணீர் காய்ச்சிக் குளிப்பாட்டி, இரட்டைச் சடை பின்னி பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவள் புஷ்பம். அவளுக்கும் வெட்டு இருந்தது. பிள்ளைக்காகத் தினமும் அரை மணி பிந்தி, பேர் கொடுக்கும் பிரட்டுக்குப் போய், பிந்தினதற்குக் கங்காணியிடம் ஏச்சு வாங்கினாள். இது மெரினாவுக்கு நான்கு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அதையும் புஷ்பம் சொல்லவில்லை.

சைப்பிரஸில் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. கிழவிக்கு முழங்காலுக்குக் கீழே எப்போதும் வலி. குளிர்காலத்தில் மகன் விறாந்தையில் ஒரு தொட்டியைக் காற்றடித்து வைப்பான். சாயங்காலம் கிழவியைக் கைபிடித்து அதற்குள் இறக்குவது மெரினாவின் வேலை. இறக்கிவிட்டு, வெளியே நின்றபடி தோளைத் தாங்கிக்கொள்ள வேண்டும். முழங்கை வரை சட்டை நனையும். கொஞ்ச நேரத்தில் கிழவியின் முகம் மாறும். நெற்றி விரியும், வாய் லேசாகத் திறக்கும். மெரினா பதினொரு குளிர்காலம் அந்த முகத்தைப் பார்த்தாள். தொட்டியைக் கழுவினாள், தண்ணீருக்கு மருந்து போட்டாள், மருந்து சரியா என்று தாளை நனைத்து நிறம் பார்த்தாள். உள்ளே இறங்கினதில்லை. இறங்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. இறங்கு என்றும் சொல்லவில்லை.

ஒருநாள் தொலைபேசியில் இதைப் புஷ்பத்திடம் சொன்னாள்.

"எனக்கும் கெண்டக்கால்ல நரம்பெல்லாம் முடிச்சு முடிச்சா நிக்கிது மதினி" என்றாள் புஷ்பம். "மேட்டுலயும் பள்ளத்துலயும் முந்நூறு மரம். நீங்க வந்து அந்தக் கெழவி மாதிரி என்னையும் புடிச்சு எறக்கி விடுங்க."

"எறக்குறேன்."

"சும்மா சொன்னேன் மதினி."

"நான் சும்மா சொல்லல."

தொட்டி வாங்கியது இரத்தினபுரியில், ஹஸீபின் கடையில். மூடிப்போன ஹோட்டல்களின் சாமான்களை மொத்தமாக எடுத்து விற்பவர். கட்டில், குளிர்ப்பெட்டி, சூரியக் குடை, இவற்றுக்கு நடுவே இரண்டு தொட்டிகள் இருந்தன. ஒன்று சதுரமாகச் சிறியது. மற்றது வட்டம்.

"சின்னத எடுங்கக்கா. ரெண்டு பேர் தாராளமா இருக்கலாம். தண்ணி பாதி, கரண்ட் பாதி" என்றார் ஹஸீப்.

"பெரிசு எத்தன பேருக்கு?"

"நாலு பேர். ஒங்க வீட்டுல எத்தன பேர்?"

"ரெண்டு. மக கார்மென்ட்ல, போடிங்ல நிக்கிறா."

"அப்ப என்னத்துக்குப் பெரிசு?"

"மதினி ஒருத்தி இருக்கா."

"அவங்களும் நீங்களும்னா அப்பவும் ரெண்டு பேர்தானே."

"அவ கால நீட்டி உக்காரணும்" என்றாள் மெரினா.

ஹஸீப் அவளைப் பார்த்தார். விற்கிறவர் போலில்லாமல் கொஞ்சம் தணிந்து கேட்டார். "லயத்துல தண்ணி எப்படி?"

"தண்ணிக்கு என்னா? எங்க பக்கம் பேயாத மழையா?"

அவள் போனபோதும் மழை பெய்தது, திரும்பி வந்தபோதும் பெய்தது. நடுவில் இருந்த வருடங்களில் ஊற்று என்ன ஆனது என்று அவளுக்குத் தெரியாது. மேலே காட்டை வெட்டி மரக்கன்று வைத்ததிலிருந்து மாசியில் பீலி நூலாகிவிடும் என்று ஜெறோமுக்குத் தெரியும். அவன் கடைவாசலில் நின்று சூரியக் குடையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

லயத்துக்குப் பின்புறம் ஜெறோம் தகரக் கூரை போட்டு மூன்று பக்கம் சாக்குக் கட்டினான். ஊற்றிலிருந்து குழாய் இழுத்து, மற்றவர்களுக்குத் தண்ணீர் தேவைப்படாத இரண்டு இரவுகளில் தொட்டியை நிரப்பினார்கள். மோட்டார் பெட்டியில் சிவப்பு எண் தெரிந்தது. இருபத்துநாலு. மறுநாள் மாலை முப்பத்தெட்டு. லயமே வந்து எட்டிப் பார்த்தது. தெரேசம்மா விரலை விட்டுப் பார்த்து, உப்புப் போட்டாயா என்று கேட்டாள்.

டிசம்பர் கடைசியில், நத்தார் வாரத்தில் ஒரு மாலை மெரினா குளிக்கிற துணியைக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கினாள். குமிழிகள் முதுகில் மோதின. மோட்டார் இரைந்தது. எதிரே மூன்று பேருக்கு இடம் காலியாக இருந்தது. பத்து நிமிடத்தில் ஏறிவிட்டாள். ஜெறோம் ஒருநாள் இறங்கி உள்ளேயே தூங்கிப்போனான். அவ்வளவுதான்.

புஷ்பம் வரவில்லை. முதலில் வெட்கம் என்றாள். சாக்கைத் தாண்டி யாரும் பார்க்க முடியாது என்று மெரினா காட்டிக்கொடுத்தாள். பிறகு நேரம் இல்லை என்றாள். அது உண்மை. விடியலில் வெட்டு, பத்தரைக்குப் பால் சேர்ப்பு, ஸ்டோரில் நிறுவை, வந்து சமையல்.

"எல கொட்டட்டும் மதினி" என்றாள் கடைசியில். "எல கொட்டினா வெட்டு நிப்பாட்டுவாங்க. அப்ப வாறேன். நாள் முழுக்க உள்ளயே கெடக்குறேன், நீங்களே போதும் எந்திரின்னு சொல்ற வரைக்கும்."

மெரினா காத்திருந்தாள். அந்தத் தண்ணீரில் புஷ்பம் காலை நீட்டி உட்கார வேண்டும். அவள் நெற்றி விரிவதைப் பார்க்க வேண்டும். தொட்டியிடம் அவள் எதிர்பார்த்தது அதைத்தான். தை நடுவில் ஒருமுறை பழைய தண்ணீரை வடித்துப் புதிதாக நிரப்பினாள். அதன் பிறகு மழை பெய்யவில்லை.

ரப்பர் மரங்கள் சிவந்து இலையைக் கொட்டின. மாசி பிறந்த திங்கட்கிழமை வெட்டு நின்றது. அதற்குள் பீலியும் நூலாகியிருந்தது. ஒரு குடம் நிறைய முக்கால் மணி நேரம். பிளாஸ்டிக் கேன்களை வரிசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு ஆக்கிவிட்டு வரலாம்.

"சனிக்கெழம வாறேன்" என்றாள் புஷ்பம். அவளே வந்து சொன்னாள். "துணிகூட எடுத்து வச்சிட்டேன். சிரிக்காதீங்க."

தொட்டியின் உள்சுவரில் ஒரு கோடு உண்டு. தண்ணீர் அதற்குக் கீழே போனால் மோட்டார் காற்றை இழுக்கும், எரிந்துபோகும். வெயிலில் தண்ணீர் நாளுக்கு நாள் குறைந்து சரியாகக் கோட்டில் வந்து நின்றது. ஊற்ற வேறு தண்ணீர் கிடையாது. மெரினா மூடியைத் திறக்காமல் பார்த்துக்கொண்டாள். சூடேற்றும்போது ட்ரிப் சுவிட்ச் விழுந்துகொண்டே இருந்ததால் வியாழக்கிழமை காலை குருவிட்டவிலிருந்து எலக்ட்ரீசியன் நிரோஷன் வந்தான். ஜெறோம் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"மே வயர் போதாது அக்கே" என்றான் நிரோஷன் கூரைக்கடியிலிருந்து, சிங்களம் கலந்த தமிழில். "லயிம கட்டின காலத்து வயர். நாளைக்கு வேற கொண்டு வாறேன்."

"நாளைக்குள்ள செஞ்சிருவியா? சனிக்கெழம வேணும்."

"ஹரி, ஹரி. செஞ்சி தாறேன்."

அப்போது புஷ்பம் வந்தாள். சாக்குக்கு வெளியே நின்றாள். இடுப்பில் குடம். தலை சீவியிருக்கவில்லை. வழக்கமாக வாசலிலேயே பேச்சை ஆரம்பித்துவிடுகிறவள், இன்று குடத்தை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"என்னா புஷ்பம்?"

"ஒரு கொடம் தண்ணி வேணும் மதினி."

"எதுக்கு?"

புஷ்பம் ஏணியைப் பார்த்தாள். ஜெறோமைப் பார்த்தாள். "வேணும்" என்றாள்.

"இதுலயா? இதுல மருந்து போட்டிருக்கு. பீலியில வைக்கலயா?"

"எனக்கு முன்ன ஒம்பது கேன் நிக்கிது."

"கொஞ்சம் பொறேன். இதுல ஒரு கொடம் எடுத்தா கோட்டுக்குக் கீழ போயிரும். பெறவு மோட்டாரு போடேலாது. இந்தா, இவனும் நாளைக்கு வயர் மாத்துறான்."

"ஒரு கொடந்தான் மதினி."

"மருந்துத் தண்ணிய எடுத்து என்னா செய்யப் போற?"

"மருந்துத் தண்ணியிலதானே நம்ம உக்காரப் போறோம்?"

"அது வேற" என்றாள். "ஒனக்காகத்தானே புஷ்பம் வச்சிருக்கேன். சனிக்கெழம வரைக்கும் தொட வேணாம். சொன்னாக் கேளு."

புஷ்பம் இன்னும் ஒரு கணம் நின்றாள். குடத்தை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றினாள். நிரோஷன் குறடு கேட்டுக் கீழே கையை நீட்டினான், மெரினா எடுத்துக் கொடுத்தாள். திரும்பியபோது புஷ்பம் இல்லை. மெரினா மூடியின் கொக்கிகள் நான்கும் சரியாக மாட்டியிருக்கின்றனவா என்று தொட்டுப் பார்த்தாள்.

மூன்று மணிக்கு லயத்தின் மறுகோடியிலிருந்து குலவைச் சத்தம் கேட்டது.

மெரினா அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நின்றது. புஷ்பத்தின் இடுப்பில் இருந்தது பிளாஸ்டிக் குடம் இல்லை. பித்தளைக் குடம். புஷ்பத்தின் வீட்டில் பித்தளைக் குடம் ஒன்றுதான் உண்டு. புளி போட்டுத் தேய்த்துப் பரணில் கவிழ்த்து வைத்திருப்பாள். சாதாரண நாளில் அது பரணை விட்டு இறங்காது. மெரினா அதைப் பார்த்திருக்கிறாள். ஆறு வருடத்துக்கு முன், சைப்பிரஸில், கிழவி தூங்கிய பிறகு குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தொலைபேசியில் பார்த்தாள். ரோஷானி பலகையில் குனிந்து உட்கார்ந்திருக்க, புஷ்பம் அந்தக் குடத்தைத் தூக்கித் தலைக்கு ஊற்றினாள். திரையில் நீர்த்துளி தெறித்தது. பத்து நிமிடம் பார்த்தாள். பிறகு கிழவி மணியடித்தாள்.

லயத்தில் வேறு எந்தப் பொம்பிளையாக இருந்தாலும் குடத்தைப் பார்த்ததும் கேள்வி கேட்டிருக்க மாட்டாள். ஆம்பிளைகள் முன்னால் அதைச் சொல்ல மாட்டார்கள். குடத்தைக் காட்டினாலே போதும்.

தெரேசம்மா வாசலைக் கடந்து போனாள். சேலையின் முன்பக்கம் நனைந்திருந்தது.

"நீ இங்கதான் இருக்கியா?" என்றாள். "ஷாமிளா பெரியபுள்ளயாயிட்டா. அத்தக்காரி எங்கன்னு எல்லாரும் கேட்டாங்க. புஷ்பம் ஒண்ணும் சொல்லல. மத்தியானம் வரைக்கும் புள்ளய மூலையில உக்கார வச்சிருந்தா. யாராவது ஊத்தணுமே. நான்தான் மொதக் கொடம் ஊத்தினேன்."

"தண்ணி?"

"நல்லையா மாணிக்கக் குழியில போய் எறைக்கிற தண்ணியக் கேன்ல கொண்டாந்தான். ஒரே களி. சேலையில வடிகட்டி ஊத்தினோம். புள்ள தலையெல்லாம் மண்ணு."

நல்லையாவுக்கு உடன்பிறந்த அக்காள், தங்கை கிடையாது. ஷாமிளாவுக்கு அத்தை என்று இருந்தது மெரினா மட்டும். முதல் குடம் அத்தை ஊற்ற வேண்டியது. புஷ்பம் தண்ணீருக்கு மட்டும் வரவில்லை.

மெரினா பெட்டியைத் திறந்தாள். ரோஷானிக்கு என்று வாங்கி அளவு சிறிதாகிப்போன வெள்ளைச் சட்டை ஒன்று இருந்தது. அதையும் ஒரு வாசனைச் சவர்க்காரத்தையும் எடுத்துக்கொண்டு போனாள். நான்கு வாசல்களைக் கடக்க வேண்டும். நான்கிலும் ஆட்கள் இருந்தார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

புஷ்பம் வாசலுக்கு வந்தாள். "வாங்க மதினி" என்றாள். உள்ளே போய் நாற்காலி கொண்டுவந்து போட்டாள். சேலைத் தலைப்பால் அதைத் துடைத்தாள். "உக்காருங்க."

அந்த வீட்டில் மெரினா நாற்காலியில் உட்கார்ந்ததே இல்லை. அடுப்படி வாசற்படிதான் அவள் இடம். சைப்பிரஸிலிருந்து வந்த அன்றும் பயணச் சட்டையோடு அங்கேதான் உட்கார்ந்தாள். இப்போது நாற்காலியில் உட்கார்ந்தாள்.

புஷ்பம் தேத்தண்ணி கொண்டுவந்தாள். கோப்பைக்குக் கீழே பீரிசுத் தட்டு வைத்திருந்தாள்.

"சொல்லியிருக்கலாமே புஷ்பம்."

"ஆம்பளைங்க நின்னாங்க."

"பக்கத்துல கூப்புட்டுக் காதுல..."

"கொடத்தப் பாத்தீங்கதானே மதினி."

குரலில் கோபம் இல்லை. கேட்பது போலத்தான் சொன்னாள். மெரினா கோப்பையைப் பார்த்தாள்.

"மறந்துட்டேன்" என்றாள்.

"பரவால்ல. நடந்திருச்சி. குடிங்க, ஆறுது."

உள்ளே, தொங்கவிட்ட சேலைக்குப் பின்னால், ஷாமிளா உட்கார்ந்திருந்தாள். அவள் பிறந்தது மெரினா போன பிறகு. தொலைபேசியில் பேசப் பழகியதே மெரினாவை அத்தை என்று கூப்பிட்டுத்தான். சேலைக்குக் கீழே கால்விரல்கள் மட்டும் தெரிந்தன. நகத்தின் ஓரங்களில் மாணிக்கக் குழியின் வெள்ளைக் களி காய்ந்திருந்தது. மெரினா சட்டையைக் கொடுத்தாள். உள்ளேயிருந்து கை வந்து வாங்கிக்கொண்டது.

எழுந்திருக்கும்போது கேட்டாள். "சனிக்கெழம..."

"தீட்டு மதினி. பதினாறு நாளைக்கு ஒரு வீட்டுக்கும் வாறதுக்கில்ல."

"பெறவு?"

"பெறவு எல தளுத்திரும். வெட்டுக்குக் கூப்புட்டுருவாங்க."

நான்கு வாசல்களையும் மறுபடி கடந்து வந்தாள். ஜெறோம் என்ன என்று கேட்டான். அவள் சொன்னாள். "சின்னதயே எடுத்திருந்தா தண்ணி மிஞ்சியிருக்கும்" என்றான்.

"தண்ணி எட்டுநூறு லீட்டர் இருந்திச்சி" என்றாள் மெரினா.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வெயில் அடித்தது. பீலியில் விடியற்காலையே பதினொரு கேன்கள் வரிசையில் நின்றன. எட்டு மணிக்கு மெரினா கொக்கிகளைக் கழற்றி மூடியை எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்தாள். சிவப்பு எண் இருபத்தேழு காட்டியது. சுவிட்சை அணைத்தாள். துணி கழுவத் தண்ணீர் எடுத்துக்கொள்ளலாம், குடிக்கக் கூடாது என்று லயத்தில் சொன்னாள். நான்கு வீடுகளிலிருந்து வாளி கொண்டுவந்தார்கள். தெரேசம்மா மூன்று தரம் வந்தாள். கடைசிக் காம்பராவிலிருந்து யாரும் வரவில்லை. பத்தரைக்கு நிரோஷன் புது வயரோடு வந்தான். வேண்டாம் என்று ஜெறோம் சொன்னான். அவன் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனான். மிஞ்சிய தண்ணீரை மெரினா அடைப்பைத் திறந்து விட்டாள். அது மரவள்ளிப் பாத்தி வழியாக ஓடி வடிகானில் இறங்கியது. முழுவதும் வடிய ஒரு மணி நேரம் ஆனது. பிறகு காற்றை இறக்கினாள். உள்பக்கத்தைத் துணியால் துடைத்தாள். மடித்து வைத்தபோது பைக்குள் அடங்கவில்லை. ஜெறோம் இரண்டு முழங்கால்களையும் அதன்மேல் வைத்து அமுக்கினான். ஒரு பக்கம் பிதுங்கியபடியே கயிறு போட்டுக் கட்டி, இருவரும் தூக்கி அடுப்படிப் பரணில் வைத்தார்கள். மாலையில் மெரினா தன் கேனை எடுத்துக்கொண்டு பீலிக்குப் போனாள். அவளுக்கு முன்னால் ஏழு கேன்கள் இருந்தன.